டம்ளரோடு வந்தவன்

7 மே 1968, செவ்வாய்

பள்ளிக்கூடம் லீவு விட்டதுமே பனியன் கம்பெனி சரசு சொல்லிவிட்டாள்: "பெரியவ ஊட்ல இருக்கறாங்க்கா, அவ பாத்துக்குவா. ஜூன் வரைக்கும் சின்னவன உங்ககிட்ட அனுப்பலீங்க." பெரியவளுக்கு எட்டு வயது.

இன்று காலை சின்னவன் தனியாக வந்து, கையிலிருந்த டம்ளரால் கதவைத் தட்டினான். நான் பார்த்துக்கொள்ளும் மற்ற பிள்ளைகளோடு உட்காரவைத்துச் சோறு போட்டேன்.

சாயங்காலம் சரசு வாசலிலேயே நின்றாள். "அவன எதுக்குங்க உள்ள உட்டீங்க? இப்படிப் பண்ணுனா பெரியவளுக்கு எப்பங்க பொறுப்பு வரும்?"

மூன்று வயதுப் பிள்ளை ரோட்டைத் தாண்டி வந்திருக்கிறான். அதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"நாளைக்கு வந்தாக் கதவத் தொறக்காதீங்க்கா" என்றாள். சரியென்றேன்.

நாளையும் வந்து தட்டுவான். உள்ளே உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டியவள் நான். அவளல்ல.