பட்டன் என்று மட்டும் சொல்லும் குரல்

இரிஞ்ஞாலக்குடா,
வியாழக்கிழமை

சுனீஷுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. டப்ளினில் நீயும் அனிலாவும் நன்றாகத்தான் இருப்பீர்கள். இங்கே மழை விட்டபாடில்லை. அம்மாவுக்கு முட்டிவலி, ஆனால் சர்ச்சுக்குப் போவதை நிறுத்தவில்லை, ஞாயிறு பூசையில் முதல் வரிசைதான். மற்றபடி வீட்டில் எதுவும் சரியில்லை. அதற்கு உன் மென்பொருள் கம்பெனிதான் காரணம்.

தோமாச்சன் சேட்டனுக்கு நீங்கள் அனுப்பிய கடிதத்தை நான்தான் வாசித்துக் காட்டினேன். மென்பொருளின் உள்ளே கை வைத்தது விதிமீறல், ஆகவே உரிமம் ரத்து என்று இருந்தது. கீழே உன் பெயர். கேட்டுவிட்டுச் சேட்டன், "யாரு, நம்ம சுனீஷா? நல்ல பதவிக்கு வந்துட்டான் போலிருக்கே" என்றான். அவனுக்குக் கோபமே வரவில்லை. அவனுக்கும் சேர்த்து அவன் தங்கை நான் கோபப்பட வேண்டியிருக்கிறது.

கை வைத்தது அவன் இல்லை, நான். ஏன் வைத்தேன் என்று சொல்கிறேன், கேட்டுக்கொள்.

வானொலி நிலையத்தில் ஒலி வெட்டிச் சேர்க்கும் வேலையில் அவனை மிஞ்ச ஆளில்லை என்பது உனக்கே தெரியும். உன் கல்யாணப் பாட்டுப் பதிவில் உன் மாமனார் இருமிய இடங்களை எல்லாம் எடுத்துக் கொடுத்தவன் அவன்தானே. பிறவியிலேயே கண் தெரியாதவனுக்கு அது முடிந்தது எப்படி? உங்கள் பழைய மென்பொருளில் ஒவ்வொரு பட்டனுக்கும் பெயர் இருந்தது. அவன் விசையைத் தட்டத் தட்ட, கம்ப்யூட்டரின் குரல் 'வெட்டு', 'ஒட்டு', 'சேமி' என்று வாசித்தது.

மே மாதம் ஒரு காலையில் புது வடிவம் தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டது. யாரும் அவனைக் கேட்கவில்லை. விசையைத் தட்டினால் குரல் 'பட்டன், பட்டன், பட்டன்' என்று மட்டும் சொன்னது. முதலில் சிரித்தான். "எடீ, எல்லாரும் ஒரே பேரை வெச்சுக்கிட்டு வந்திருக்காங்க" என்று எனக்குப் போன் செய்தான். நான் எர்ணாகுளத்தில் ஒரு கூட்டத்தில் இருந்தேன். பிறகு பார்க்கலாம் என்றேன்.

அன்று மதியம் கமலாட்சி சேச்சியின் பேட்டி ஒலிபரப்பாக வேண்டும். மண்சரிவில் புருஷனை இழந்தவள். பேச்சுக்கு நடுவே அழுதுகொண்டே, அவர் அன்று குடித்திருந்தார், அதனால்தான் எழுப்பியும் ஓடி வரவில்லை என்று சொல்லிவிட்டாள். உடனே, "அதை மட்டும் எடுத்துடு மோனே, பிள்ளைங்க கேட்பாங்க" என்றாள். எடுத்துவிடுகிறேன் என்று சேட்டன் கையைப் பிடித்துச் சொல்லியிருக்கிறான். அன்றைக்கு எந்தப் பட்டன் எது என்று தெரியாமல் குத்துமதிப்பாக அழுத்தினான். திரும்பப் போட்டுக் கேட்கும் பட்டனும் கிடைக்காமல், வெட்டியாயிற்று என்று நினைத்து அனுப்பினான். ஊர் முழுக்கக் கேட்டது. மறுநாள் அவள் நிலையத்து வாசலில் வந்து நின்றாள். திட்டவில்லை. "உன்னை நம்பித்தானே சொன்னேன்" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள்.

அந்த வாரமே சேட்டனை வரவேற்பு மேசைக்கு மாற்றி, போன் எடுக்கச் சொல்லிவிட்டார்கள்.

இப்போது என் கருத்து. நான் வலைத்தளம் கட்டிப் பிழைக்கிறவள், தெரியாமல் பேசவில்லை. வலைத்தளத்துக்கு ஆட்கள் வருவார்கள், போவார்கள். அதன் முகத்தை நாம் மாற்றிக்கொண்டே இருக்கலாம். மேசைமேல் இருக்கும் மென்பொருள் அப்படி இல்லை. ஒருவன் வருஷக்கணக்கில் உட்கார்ந்து கைப்பழக்கம் ஆக்கிக்கொண்ட இடம் அது. அவனைக் கேட்காமல் அங்கே எதையும் நகர்த்தக் கூடாது. உன் புது வடிவத்தைத் திறந்து பார்த்தேன். உள்ளே இருப்பது ஒரு வலைப்பக்கம்! என் தொழிலின் சரக்கையே பெட்டியில் அடைத்து, கம்ப்யூட்டர் மென்பொருள் என்று விற்கிறீர்கள். ஒலியை வெட்ட இன்டர்நெட் எதற்கு? தன் மேசையில் இருக்கும் கத்தரியை எடுக்க ஒருவன் ஏன் தினமும் கடவுச்சொல் சொல்ல வேண்டும்?

அந்த வலைப்பக்கத்தையாவது ஒழுங்காகக் கட்டினீர்களா? பட்டன் என்று இருப்பதெல்லாம் வெறும் படங்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைக்க ஒரு வரி போதும். என்னிடம் புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள் அதை விட்டுவிட்டால் மறுபடி எழுதச் சொல்வேன்.

உனக்கு எழுதினேன். பார்வையற்றவர்கள் மிகச் சிலரே, அடுத்த வருடத் திட்டத்தில் சேர்க்கிறோம் என்று பதில் போட்டாய். எங்கள் வீட்டில் கப்பக்கிழங்கும் மத்திமீன் கறியும் தின்று படித்தவன் எழுதிய பதில் அது. அதன்பிறகுதான் நானே உள்ளே போய்ப் பெயர்களை எழுதினேன். சேட்டன் மறுபடி வெட்ட ஆரம்பித்தான். நிலையத்திலும் திரும்பக் கூப்பிட்டார்கள். அடுத்த அப்டேட் வந்து எல்லாப் பெயரையும் துடைத்துவிட்டது. மறுபடி எழுதினேன். மறுபடி துடைத்தீர்கள். கடைசியில் கதவையே பூட்டிவிட்டு, குற்றவாளி அவன் என்கிறீர்கள்.

அவன் இப்போது போன்தான் எடுக்கிறான். போன ஞாயிறு கமலாட்சி சேச்சி வீட்டுக்குக் கூட்டிப்போகச் சொன்னான். அவள் சாயா கொடுத்தாள். பிள்ளைகள் அவனோடு பேசவில்லை. திரும்பும்போது வண்டியில், "உன்மேல தப்பு இல்லடி, சுனீஷ் மேலயும் இல்ல. அவனுக்கும் மேல ஆள் இருப்பாங்கல்ல" என்றான். நான் வண்டியை நிறுத்த வேண்டியதாயிற்று.

நான் எழுதிய பெயர்கள் முழுவதையும் இத்துடன் அனுப்பியிருக்கிறேன். எடுத்து உள்ளே வை. நீயே எழுதியதாகச் சொல்லிக்கொள், எனக்கு ஆட்சேபம் இல்லை. பூட்டைத் திறந்து விடு.

இந்தக் கடிதத்தைப் பற்றிச் சேட்டனிடம் சொல்லாதே. ஆனால் ஒரு தடவை அவனைக் கூப்பிடு. உன் குரல் கேட்டதும் சந்தோஷப்படுவான். குழந்தை பேச ஆரம்பித்துவிட்டதா என்றுதான் முதலில் கேட்பான். அதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டுப் போனை வைத்துவிடாதே, சுனீஷ்.

உன் குழந்தை நன்றாக இருக்கட்டும்.

ரோஸ்லின்