நிம்மியின் கடைசி ஆட்டம்

நவ. 11, செவ்வாய்
மூடுபனி. துணி எதுவும் காயவில்லை. கீசர் ரிப்பேர். வாங்க: முட்டை, ரொட்டி, வர்க்கி (பேக்கரிக்காரன் போன வாரத்து நமுத்ததைத் தலையில் கட்டப் பார்ப்பான், பிரித்துப் பார்த்து வாங்கு).

நாளை லண்டனிலிருந்து மகள் நிம்மி. அங்கே இசை நாடகங்களில் ஆடுகிறவள். இந்த வருஷம் பெரிய விருது. வெள்ளியன்று லேடீஸ் கிளப்பில் பாராட்டு விழா, ஆடவும் போகிறாள். அடுத்த மாதம் முழங்கால் ஆபரேஷன். அதன்பின் ஆட்டம் கிடையாது.

அவள் மேடையில் ஆடி நான் பார்த்ததே இல்லை. ஒருமுறை விமான டிக்கெட் அனுப்பினாள். தன் அப்பாவின் கருமாதிக்கு வராதவள் ("ஷோ இருக்கும்மா") அனுப்பிய டிக்கெட். திருப்பி அனுப்பினேன். இந்தத் தடவை பார்த்துவிட வேண்டும்.

நவ. 12, புதன்
வந்துவிட்டாள். மாடிப்படியில் நண்டு மாதிரி பக்கவாட்டில் இறங்குகிறாள். "வலிக்குதா?" "இல்லம்மா." பல் தெரியச் சிரித்து ஒரு பொய்.

வேலைக்காரி சரசு: "ஏனுங்கம்மா, பாப்பாவுக்கு நெசமாலுமே அம்பது வயசுங்களா? இடுப்பு காலேஜ் புள்ளையாட்டமல்ல இருக்குது!"

என் இடுப்பும் அப்படித்தான் இருந்தது. யாரும் விருது தரவில்லை.

நவ. 13, வியாழன்
கிளப் செயலாளர் பத்மா வந்தாள். தேன் குரல். "ஆன்ட்டி, குத்துவிளக்கு டாக்டர் வைஃப் ஏத்தறாங்க. நீங்க முன்வரிசையில சௌகரியமா உக்காந்துக்குங்க."

சுமங்கலிதான் ஏற்ற வேண்டுமாம். வாய்விட்டுச் சொல்லவில்லை. பெற்றவள் நான். தாலி போனால் தீக்குச்சி கிழிக்கவும் மறந்துவிடுமா?

நிம்மி பக்கத்தில்தான், போனைப் பார்த்துக்கொண்டு. காதில் விழுந்ததா தெரியாது. கேட்க மாட்டேன். அவளாக எனக்காக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கேட்டு வாங்குவதற்குப் பெயர் மரியாதை இல்லை.

பத்மாவின் காபியில் சர்க்கரை போடவில்லை.

நவ. 14, வெள்ளி, மாலை
சாம்பல் பட்டு, முத்துமாலை. முன்வரிசை, ஓர நாற்காலி.

விளக்கேற்ற டாக்டர் மனைவியை மைக்கில் அழைத்தார்கள். நிம்மி மேடையில், அதே சிரிப்போடு. என்னைப் பார்த்தாள். ஒரு வார்த்தை இல்லை. எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

போர்ட்டிகோவில் நின்றேன். தகரக் கூரையில் மழை, உள்ளே பேசுவது எதுவும் கேட்கவில்லை. பின்னாலேயே வருவாள் என்று நினைத்தேன். பாட்டுதான் வந்தது. பிறகு கைதட்டல்.

ஆட்டோவில் வீடு. அப்பாவுக்கும் ஆட்டத்தை நிறுத்தவில்லை, எனக்கும் நிறுத்தவில்லை.

நவ. 15, சனி
காலை உணவு. பேச்சு: உப்பு, ரொட்டி, டாக்ஸி. "போயிட்டு வரேம்மா." "சரி." கோவைக்குக் கிளம்பிவிட்டாள், விமானத்துக்கு.

சரசு தாமதம். நேற்று விழாவுக்குப் போயிருக்கிறாள், கடைசி வரிசை.

"ஏனுங்கம்மா பாதியில எந்திரிச்சுப் போனீங்க? டாக்டரம்மா குச்சிய ஒரசப் போனாங்க. பாப்பா கையப் புடிச்சுட்டு, 'எங்கம்மா ஏத்தட்டும்'னு மைக்குலயே சொல்லிப்போட்டாங்க. எல்லாரும் திரும்பிப் பாத்தா உங்க சேரு காலி. வருவீங்கன்னு நின்னு பாத்தாங்க. அப்பறம் வெளக்கே ஏத்தாம ஆடுனாங்க, அந்தக் காலோட. பத்மாம்மா மூஞ்சியப் பாக்கோணுமே!"

"என்கிட்ட அவ ஏன் சொல்லல?"

"நீங்க கேட்டீங்களா?"

கேட்டால்தான் சொல்லுவாள். யார் வளர்ப்பு.

போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே. டாக்ஸி பர்லியார் மலைப்பாதை வளைவுகளில் இருக்கும், அங்கே சிக்னல் வராது.

மறுபடி போட்டேன்.