கவிழ்த்த சிரட்டைகள்

1936 பெப்ரவரி 11, செவ்வாய்

எஞ்சின் இல்லாத விமானத்தை எங்கோ இறக்கிவிட்டு, றப்பர் மரங்களுக்குள் வழிதவறி, எங்கள் தோட்ட ஆபீசுக்கு நடந்தே வந்துவிட்டார் ஒரு வெள்ளைக்காரர். விமானத்தை ஏற்றிப்போக கரவனெல்லையிலிருந்து லொறியும் வந்துவிட்டது. ஆனால் எங்கே விட்டார் என்று அவருக்கே சொல்லத் தெரியவில்லை. சுற்றியிருந்த மரங்களில் றப்பர் பால் வடியக் கட்டும் சிரட்டைகள் கவிழ்ந்திருந்தன என்பது மட்டும் ஞாபகமாம். கிளார்க்கான நான் அதைப் பால் நிறுக்க வந்து நின்ற தொழிலாளர்களுக்குத் தமிழில் சொன்னேன்.

அவர்களோடு பால் வாளியுடன் நின்ற என் அம்மா, "கவுத்திருந்தா பால் வெட்டாத மரமுங்க ஐயா. ஆறாம் நம்பர் மலை மட்டுந்தான் இப்ப வெட்டல" என்றாள். ஆபீசில் நான் அவளுக்கும் ஐயாதான்.

விமானம் அங்கேதான் இருந்தது.

"யார் அந்தப் பெண்?" என்று வெள்ளைக்காரர் கேட்டார். "என் தாய்" என்றேன், பக்கத்தில் நின்ற தோட்டத்துரையின் காதிலும் விழும்படி.

வீட்டில் அம்மா, "ஏன்டா சொன்ன? பால் வெட்டுறவ மகன்னு துரைக்குத் தெரியணுமா?" என்று அதட்டினாள், சிரிப்பை அடக்க முடியாமல். நாளைக்குத் துரை என்ன சொல்வாரோ. சொல்லட்டும்.