குச்சி நழுவிய இடம்

போன வாரம் வைட்ஃபீல்டில் ஒரு ஸ்டுடியோவில் என் பேஸ் கிட்டாரின் உறையைத் திறந்தேன். பிளாஸ்திரி வாசனை அடித்தது. பக்கவாட்டுப் பையில் உன் டிரம் குச்சி ஒன்று கிடந்தது. நீ வேலை பார்த்த மெடிக்கல் ஷாப்பிலிருந்து கொண்டுவந்து சுற்றிய பிளாஸ்திரி ஓரமெல்லாம் கறுத்து, இன்னும் பிசுபிசுப்பாக இருந்தது. உன்னை அடக்கம் செய்து ஒன்றரை வருடம் ஆகிறது, மச்சா. நம் பேண்டின் முதல் பாட்டைத் திரும்பப் பதிவு செய்து தனிப்பாட்டாக வெளியிட இப்போதுதான் எங்களுக்கு நேரம் வாய்த்தது.

பழைய பதிவு ஆஸ்டின் டவுனில், சர்ச்சுக்குப் பின்னாலிருந்த ஹாலில் நடந்தது. கொயர் பாடகர்கள் பயிற்சிக்கு வருமுன் காலி செய்துவிட வேண்டும் என்று ஃபாதர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கடைசிப் பல்லவிக்கு முன்னால் வியர்த்த உன் கையிலிருந்து குச்சி நழுவியது. நானும், கிட்டார் வாசித்துக்கொண்டே பாடிய ஸ்டீபனும் அப்படியே நிறுத்தி உன்னைப் பார்த்தோம். நீ குனிந்து எடுத்து, அசடு வழியச் சிரித்து, ஓங்கி அடித்தாய். பாட்டு நின்று நாலு எண்ணிக்கை போயிருந்தது. இன்னொரு தடவை வாசிக்க வழியில்லை, கொயர் வாசலில் நின்றது. அதையே வெளியிட்டோம்.

கேட்டவர்கள் வேண்டுமென்றே வைத்தது என்று நினைத்தார்கள். கல்லூரி விழாக்களில் கூட்டம் முழுவதும் அந்த நாலுக்கு மூச்சைப் பிடித்து நின்றுவிட்டு, பிறகு குதிக்கும். இனி நழுவவே கூடாதென்று நீ குச்சிக்குப் பிளாஸ்திரி சுற்றினாய். ஆனாலும் மேடைக்கு மேடை அந்த இடத்தில் நிற்க வேண்டியிருந்தது.

ஓசூரில் வாசித்துவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸில் என்னிடம் மட்டும் சொன்னாய்: "எல்லாரும் என் தப்புக்குத்தான் கை தட்றாங்க மச்சா. ஒரு வாட்டியாவது ஒழுங்கா ரெக்கார்ட் பண்ணிடலாம்."

அந்தத் தப்பால்தான் நீ பெரிய ஆள் ஆனாய் என்று கிண்டல் செய்தேன். நீயும் சிரித்தாய். அதன் பிறகும் பல தடவை கேட்டாய். எனக்கு ஆபீஸ், டிராஃபிக், பிள்ளையின் ஸ்கூல் அட்மிஷன் என்று ஏதாவது ஒன்று இருந்தது. ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பார்த்தபோது நீ கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

உன் இடத்தில் இப்போது காவ்யா வாசிக்கிறாள். ஆனேக்கல்காரி, ஒரு ஐ.டி. கம்பெனியில் வேலை. பழைய பதிவைக் கேட்டே பாட்டைக் கற்றிருக்கிறாள். அந்த நாலு எண்ணிக்கையும் துளி பிசகாமல் நின்றாள். உன் தப்பை அவ்வளவு சரியாக ஒருத்தி வாசித்தது எனக்குத் தாங்கவில்லை. ஹெட்போனைக் கழற்றிவிட்டு, பஸ்ஸில் நீ கேட்டதைச் சொன்னேன். ஸ்டீபன் கிட்டாரைக் கீழே வைத்தான்.

"அத எடுத்துட்டா பாட்டுல அவன் எங்கடா இருப்பான்?"

அந்த இடைவெளி எங்களுக்குத்தான் பிடித்தது, உனக்குப் பிடிக்கவில்லை. உயிரோடு இருந்தபோது உன் பேச்சைக் கேட்காதவன், உன் நினைவு என்று சொல்லி இப்போதும் கேட்காமலிருப்பது அநியாயம் என்றேன். ஸ்டீபன் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிட்டாரை எடுத்தான்.

காவ்யா அந்த இடத்தை நிற்காமல் கடந்தாள். நான் நின்றுவிட்டேன். இரண்டாவது தடவையும் நின்றேன். மூன்றாவதிலும் என் கை நின்றபோது இருவரும் என்னையே பார்த்தார்கள். அன்று ஹாலில் நாங்கள் உன்னைப் பார்த்தது நினைவுக்கு வந்தது. அது உனக்கு எவ்வளவு சங்கடமாக இருந்திருக்கும் என்று இத்தனை வருடம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. நாலாவது தடவை கண்ணை மூடிக்கொண்டு கடந்தேன்.

பாட்டு அடுத்த மாதம் வருகிறது. நீ கேட்டபடி எங்கும் நிற்காமல் போகிறது. வீட்டில் தனியாக வாசிக்கும்போது மட்டும் நான் இன்னும் அந்த இடத்தில் நின்று நாலு எண்ணுகிறேன். நீ குனிந்து குச்சியை எடுக்க அவ்வளவு நேரம் ஆகும்.