ஏழு நீலமும் ஒரு பச்சைச் சுவரும்

அன்பு மகனுக்கு,

நானும் அப்பாவும் உடம்பளவில் சுகம், மனசுக்குத்தான் சுகமில்லை, அதற்குக் காரணம் உன் அறைச் சுவர். நீ வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்பித்தான் எழுதுகிறேன்.

உன் அப்பா பெயின்ட் கடையிலிருந்து ஏழு சின்ன டப்பா வாங்கி வந்தார். ஏழும் நீலம். துணிக்கு நூல் பொருத்திப் பார்த்தே முப்பது வருஷம் தையல் மிஷினோடு மல்லுக்கட்டினவள் நான், என் கண்ணுக்கே வித்தியாசம் தெரியவில்லை என்றால் வேறு யாருக்குத் தெரியும் சொல்லு? பச்சைச் சுவரில் கட்டம் கட்டமாக அடித்து, ஒவ்வொன்றின் கீழும் துண்டுச் சீட்டில் நம்பர் எழுதி ஒட்டினார். ஈரத்தில் ஒட்டினால் நிற்குமா? ஃபேனைப் போட்டதும் எல்லாம் பறந்துவிட்டன. கூட்டி அள்ளினது நான் என்று மூன்று நாள் என்னோடு பேச்சில்லை. மறுபடி அடித்து, பென்சிலால் நம்பர் போட்டார். காலையில் நாலாம் நம்பர்தான் என்கிறார், விளக்குப் போட்டால் ஆறாம் நம்பர்தான் என்கிறார். பெயின்டர் இரண்டு தடவை ஏணியோடு வந்து, முதல்ல முடிவு பண்ணிட்டுக் கூப்பிடுங்கம்மான்னு முறைத்துவிட்டுப் போனார். உன் கட்டில் கூடத்தில் கிடக்கிறது, தினமும் அதில் கால் விரலை இடித்துக்கொள்கிறேன்.

நேற்று பொறுக்கமாட்டாமல், கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒன்றை அடித்துத் தொலையுங்கள் என்று கத்திவிட்டேன். அதற்கு அவர், பத்து நாள் லீவுல வந்த பிள்ளை மூணாம் நாளே கிளம்பிட்டானே, பச்சை இருட்டா இருக்கு, தூக்கமே வரலைன்னானே, இதுவும் தப்பாப் போச்சுன்னா அப்புறம் வரவே மாட்டான் என்றார்.

சுவர் என்னடா பாவம் பண்ணியது? வேலையை விட்டுட்டேன்னு நீ சொன்னதும், நீயெல்லாம் உருப்படவே மாட்டேன்னு சொன்னது நான். அப்பா அப்போது குளித்துக்கொண்டிருந்தார், அவர் காதில் விழவில்லை. நீயும் என்னைக் காட்டிக்கொடுக்காமல் பழியைச் சுவர் மேல் போட்டுவிட்டுப் போனாய். எட்டு மாதமாக நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். சொன்னது தப்புடா. இன்று காலை அவரிடமும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை, பிரஷ்ஷைக் கழுவி வைத்தார். அப்புறம், அப்ப அவனுக்குப் பச்சை பிடிச்சுத்தான் இருந்துச்சா என்று கேட்டார். அதை நீயே அவருக்கு ஒரு போன் பண்ணிச் சொல்லு, மறந்துவிடாதே.

உடம்பைப் பார்த்துக்கொள். நீ நன்றாக உருப்படுவாய், அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

இப்படிக்கு,
வாய் நீண்ட உன் அம்மா