உப்பளம் கேட்டுக்கு இரண்டு டிக்கெட்

முல்லா வீதி,
புதுச்சேரி.
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் ஸமீஹாவுக்கு அம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அந்தக் குளிர் ஊரில் அல்லாஹ் உன்னை நோய்நொடி இல்லாமல் வைத்திருக்க வேண்டும். நாங்கள் எல்லாரும் இங்கே சுகம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம், இந்தத் தடவை அந்த வரிக்குக் கை வரவில்லை. நான் நடமாடிக்கொண்டிருக்கிறேன், உன் அண்ணன் ஷஃபீக் ரெட்டியார்பாளையத்தில் பெண்டாட்டி பிள்ளையோடு நன்றாக இருக்கிறான், உன் அத்தா உயிரோடு இருக்கிறார். அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை. போனில் சொல்லாமல் இந்தக் கிழவி எதற்குக் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தாள் என்று நினைப்பாய். போனில் நான் அத்தா என்று வாயெடுத்ததும் நீ அழுகிறாய், அழுதுகொண்டே கட் பண்ணிவிடுகிறாய். கடிதத்தைக் கட் பண்ண முடியாது. அழ வேண்டும் என்றால் அழுது முடித்து, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மீதியைப் படி.

போன வருஷம் நீ லீவில் வந்து அத்தாவை உன்னோடு ஜெர்மனிக்கு, அந்தப் பிரேமன் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போனாய். அப்போதே மறதி ஆரம்பித்திருந்தது, செருப்புக் கடைச் சாவியை அரிசி டப்பாவில் போட்டுவிட்டு வீடெல்லாம் தேடுவார். ஊர் மாறினால் மனசு தெளியும் என்று நீ சொன்னாய், எனக்கும் அப்படித்தான் பட்டது. ஷஃபீக் பெண்டாட்டிக்குப் பிரசவ நேரம், அதனால் நான் வரவில்லை. அங்கே அவர் எவ்வளவு சந்தோஷமாக இருந்தார் என்று நீ அனுப்பிய போட்டோக்களிலேயே தெரிந்தது. வாளும் கேடயமுமாக நிற்கிற அந்தப் பெரிய கல் மனிதனுக்குப் பக்கத்தில், இரண்டு கோபுரம் வைத்த சர்ச் வாசலில், கழுதை மேல் நாயும் நாய் மேல் பூனையும் பூனை மேல் சேவலும் ஏறி நிற்கிற சிலைக்கு முன்னால், எல்லாவற்றிலும் பல் தெரியச் சிரிக்கிறார். கழுதையின் முன்னங்காலைப் பிடித்து வேண்டிக்கோங்க அத்தா என்று நீ சொன்னதற்கு, கழுதை காலைப் பிடிக்கவா நான் பிளேன் ஏறி வந்தேன் என்று கேட்டாராமே. எனக்குப் போன் பண்ணும்போதெல்லாம் ஒரே பாட்டுதான், எல்லாம் நம்ம டுமாஸ் தெரு மாதிரிதான் இருக்கு பதுரு, கூட நாலு டிராம் ஓடுது அவ்ளோதான் என்பார். கடைக்காரன், டிராம் டிரைவர், வழியில் போகிறவன் என்று பாக்கி இல்லாமல் எல்லாருக்கும் நன்றி என்பதற்குப் பிரெஞ்சில் மெர்சி மெர்சி என்று சொல்லி உன் மானத்தை வாங்கினார் என்று நீ சொல்லிச் சிரித்தது நினைவிருக்கிறதா. வெள்ளைக்காரன் என்றால் பிரெஞ்சுக்காரன்தான் என்பது நம்ம பாண்டிச்சேரிக்காரர்கள் புத்தி, அதை என்ன செய்வது.

ஸ்டேடியத்தைக் கடைசி நாளுக்கு வைத்திருந்தாய். அவருக்கு அங்கே பார்க்க வேண்டியது என்று இருந்ததே அது ஒன்றுதான். நம் உப்பளம் ஸ்டேடியத்தில் பந்து உதைக்கிறார்கள் என்று காதில் விழுந்தால் கடையைப் பாதியில் சாத்திவிட்டு ஓடுகிற மனுஷன், தொண்ணூறில் ஜெர்மனிக்காரன் உலகக் கோப்பை ஜெயித்த போட்டோவைக் கடையில் காபா படத்துக்குக் கீழே மாட்டி வைத்தவர். ஆற்றோரம் அந்த ஸ்டேடியம் கேட்டில் அவரை நிறுத்தி, இங்கயே நில்லுங்க அத்தா, டிக்கெட் எடுத்துட்டு வந்துடறேன் என்று சொல்லிவிட்டுப் போனாய். அன்றைக்குச் சுற்றிக் காட்டுகிறவர்கள் கடைசிக் கூட்டத்தையும் உள்ளே அழைத்துப் போய்விட்டார்கள் என்று வெறுங்கையோடு வந்தாய், மனசு கேட்காமல் பச்சை வெள்ளை மஃப்ளர் ஒன்று வாங்கிக் கழுத்தில் போட்டாய். மறுநாள் பிளேன். முன்னாடியே டிக்கெட் எடுத்திருந்தா அத்தாவுக்கு இப்படி ஆகியிருக்காதேம்மா என்று நீ இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாய். பைத்தியக்காரி, வியாதி டிக்கெட் பார்த்துக்கொண்டா வரும். அரிசி டப்பாவில் சாவி கிடந்தபோதே அது வீட்டுக்குள் வந்துவிட்டது.

இப்போது இருக்கிற நிலைமையை ஒளிக்காமல் எழுதுகிறேன். உன் அத்தா இன்னும் பிரேமனில்தான் இருக்கிறார். நோன்புப் பெருநாள் முடிந்ததிலிருந்து அப்படி. காலையில் எழுந்ததும் நீ வாங்கிக் கொடுத்த ஸ்வெட்டரை மாட்டிக்கொள்கிறார், அதற்கு மேல் மஃப்ளர். இந்த வெயிலில் கழுத்தெல்லாம் வேர்க்குரு, கழற்றப் போனால் குளிருதும்மா என்று கையைத் தட்டிவிடுகிறார். என்னை அவருக்குத் தெரியவில்லை. உன் பக்கத்து வீட்டில் இருக்கிற ஏதோ ஒரு பெண், நீ வேலைக்குப் போகிற நேரம் சோறு போட ஏற்பாடு பண்ணியிருக்கிறாய் என்று வைத்துக்கொண்டிருக்கிறார். தட்டை வைத்தால் மெர்சி என்கிறார். என்னிடம் ஸமீஹா. முப்பத்தெட்டு வருஷம் குழம்பில் உப்பில்லை புளியில்லை என்று முகத்தைச் சுளித்த மனுஷன்.

அன்னியப் பெண் என்பதால் என் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை, தரையைப் பார்த்துத்தான் பேசுகிறார். நான் இருக்கிற அறையில் தூங்க மாட்டார், கூடத்தில் பாய் போட்டுக்கொள்கிறார். குளிப்பாட்டப் போனால் கதவைச் சாத்திக்கொண்டு, நான் கல்யாணம் ஆனவன்மா, இது தப்பு என்கிறார். போன வாரம் வழுக்கி விழுந்துவிடுவாரோ என்று பயந்து கையைப் பிடித்தேன், தள்ளிவிட்டார், முழங்கையில் இன்னும் நீலம் போகவில்லை. ஷஃபீக்கிடம் குழாயில் இடித்துக்கொண்டேன் என்று சொல்லியிருக்கிறேன், நீயும் உளறிவிடாதே. இதற்கெல்லாம் நடுவில் பெண்டாட்டி புராணம் வேறு. என் வீட்டுக்காரி பாண்டிச்சேரியில தனியா இருக்கா, முட்டி வலி அவளுக்கு, வஞ்சிரம் வாங்கினான்னா பெரிய மார்க்கெட்டையே ஒரு சுத்து சுத்திதான் வாங்குவா, அவ வைக்கிற குழம்பு இந்த ஊர்ல கிடைக்காது என்று என்னிடமே சொல்கிறார். நான் தலையை ஆட்டிக் கேட்டுவிட்டுப் பின்கட்டில் போய் அழுகிறேன். என்னைப் பற்றி இவ்வளவு நல்ல வார்த்தை அவர் வாயில் இருந்திருக்கிறது, அதைக் கேட்க நான் வேறு யாராகவோ ஆக வேண்டியிருக்கிறது.

தொழுகை மட்டும் விடவில்லை. ஆனால் உன் வீட்டில் ஜன்னலைப் பார்த்து நின்னு தொழுங்க அத்தா, அதுதான் கிப்லா என்று சொல்லிக் கொடுத்தாய் அல்லவா, அது அப்படியே நின்றுவிட்டது. நம் வீட்டு ஜன்னல் கிழக்கே, கடல் பக்கம். இத்தனை வருஷம் இந்த வீட்டில் மேற்கே மக்காவைப் பார்த்துத் தொழுதவர் இப்போது ஜன்னலைப் பார்த்துப் பாயை விரிக்கிறார். இமாமிடம் கேட்டேன், புத்தி தடுமாறியவர் மேல் குற்றம் இல்லை, விட்டுவிடுங்கள் என்றார். விட்டுவிட்டேன். அவர் அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமுமாகத் தொழுகிறோம், முதுகுக்கு முதுகு.

நடுவில் ஒரு நாள் காணாமல் போய்விட்டார். நான் அடுப்பில் இருந்தேன், வாசல் கதவு திறந்து கிடந்தது. டிராம் என்று நினைத்துக் கடலூர் பஸ்ஸில் ஏறியிருக்கிறார், ஏர்போர்ட்டுக்கு ஒரு டிக்கெட் என்று கேட்டிருக்கிறார். கண்டக்டர் தவளக்குப்பத்தில் இறக்கி ஒரு கடையில் உட்கார வைத்தது நல்ல காலம். நம் தெரு ஆட்டோக்காரர் பக்கிரி அந்தப் பக்கம் சவாரி போனவர் மஃப்ளரைப் பார்த்து அடையாளம் கண்டு கூட்டிக்கொண்டு வந்தார். அன்றைக்கு ஷஃபீக் வெளியே பூட்டுப் போட்டான். அவர் பொழுதுக்கும் கதவைத் தட்டினார், பொண்ணு வெளிய நிக்குது, திறங்க என்று தொண்டை கட்டும்வரை கத்தினார். இப்படிப்பட்டவர்களை வைத்துப் பார்க்கிற விடுதி ஒன்றை ஷஃபீக் பார்த்து வைத்திருக்கிறான், வருகிற மாதம் சேர்த்துவிடலாம் என்கிறான். அவன் மேல் கோபப்படாதே, என் முழங்கைக் கதையை அவன் நம்பவில்லை.

பூட்டைத் திறந்துவிட்டு நான் கண்டுபிடித்த வழி இதுதான். சாயங்காலம் அவரை ஊர் சுற்றிப் பார்க்க அழைத்துப் போகிறேன். கையைப் பிடிக்க விட மாட்டார், அதனால் மஃப்ளரின் ஒரு முனை அவர் கையில், இன்னொரு முனை என் கையில். வாய்க்காலைத் தாண்டி டுமாஸ் தெருவுக்குள் நுழைந்து அந்தப் பிரெஞ்சு வீடுகளைப் பார்த்தால் போதும், முகம் மலர்ந்துவிடும். நம்ம டுமாஸ் தெரு மாதிரியே இருக்கு பாருங்கம்மா என்று டுமாஸ் தெருவிலேயே நின்று எனக்குச் சொல்கிறார். ரயிலடிப் பக்கம் திரு இருதய ஆண்டவர் கோயிலின் இரண்டு கோபுரத்தைக் காட்டி உன் ஊர்ச் சர்ச் என்கிறார். பீச்சில் காந்தி சிலையைப் பார்த்து, வாளை யாரோ எடுத்துட்டுக் கோலைக் குடுத்துட்டாங்க, கேடயத்தையும் காணோம் என்று சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரரிடம் புகார் சொன்னார். பாவம் அந்தப் பிள்ளை, விசாரிக்கிறோம் பாய் என்றான். பிறகு பாறை மேல் உட்கார்ந்து கடலையே பார்ப்பார். இந்த ஆறு ரொம்பப் பெருசு, அக்கரை தெரியல என்பார். இந்தக் கடல் சத்தத்தில் பிறந்து வளர்ந்த மனுஷன். பாஸ்போர்ட் இல்லாமலே நான் ஜெர்மனி பார்த்துவிட்டேன், இனி எனக்கு ஒருவரும் காட்ட வேண்டாம்.

கடைசியாகப் பக்கிரி ஆட்டோவில் உப்பளம் ஸ்டேடியம். அந்தக் கேட்டைப் பார்த்ததும் இறங்கி, ஓரமாக, யாருக்கும் இடைஞ்சல் இல்லாமல் நின்றுகொள்வார். இங்கதான் நிக்கச் சொல்லுச்சு, டிக்கெட் எடுக்கப் போயிருக்கு, வந்துடும் என்று என்னிடம் சொல்வார். இருட்டும்வரை நிற்போம். இன்னைக்கு இல்லையாம் பாய், நாளைக்காம் என்று நான் சொன்னால் மறுபேச்சுப் பேசாமல் ஆட்டோவில் ஏறிவிடுவார். வீடியோ காலில் உன்னைப் பார்த்து இந்தப் பொண்ணு யாரு என்று கேட்டாரே, அதிலிருந்து நீ முகம் காட்டுவதையே விட்டுவிட்டாய். கொஞ்சம் யோசித்துப் பார். அவர் மகள் கவுன்டரில் வரிசையில் நிற்கிறாள், கைக்குள் இருக்கிற போனில் எப்படி இருப்பாள். உன்னை மறந்ததால் கேட்கவில்லை, மறக்காததால்தான் கேட்டார். வந்து நின்னு அத்தாவுக்கு என்னைத் தெரியலன்னா தாங்க மாட்டேன்மா என்று சொன்னாய். என்னைத் தெரியாத மனுஷனுக்கு நான் தினமும் சோறு பிசைந்து கொடுக்கிறேன், தாங்குவது என்று தனியாக ஒன்றும் இல்லை, பொழுது விடிந்தால் எழுந்திருப்பதுதான்.

நான் இதை எழுத உட்கார்ந்த காரணம் நேற்று நடந்தது. கேட்டில் நின்று ரொம்ப நேரம் கழித்து அவர் என்னைப் பார்த்து, யாருக்காகம்மா நிக்கறோம் என்று கேட்டார். ஸமீஹா டிக்கெட் எடுக்கப் போயிருக்கு பாய் என்றேன். ஸமீஹாவா என்று கேட்டுவிட்டு மஃப்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார், அப்புறம் ஆமாம் ஆமாம் என்றார். அவருக்குள் மிச்சம் இருக்கிற ஒரே கயிறு அது, அதுவும் நைந்துகொண்டிருக்கிறது. டிசம்பரில் லீவு எடுக்கிறேன் என்ற பேச்சு வேண்டாம், டிசம்பரில் அவர் யாருக்காகவும் நிற்க மாட்டார். இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் புறப்படு.

வந்ததும் வீட்டுக்கு வராதே. சாயங்காலம் நேராக உப்பளம் கேட்டுக்கு வா. அன்றைக்கு நீ போட்டிருந்த நீலக் கோட்டைப் போட்டுக்கொள், வேர்த்தால் வேர்க்கட்டும். கையில் டிக்கெட் மாதிரி இரண்டு காகிதம் வைத்துக்கொள், மூன்று வேண்டாம், அவர் கணக்கில் நான் ஊரில்தான் இருக்கிறேன். வாட்ச்மேன் விமல்ராஜிடம் சொல்லி வைத்துவிட்டேன், திறந்துவிடறேன்மா என்று சொல்லியிருக்கிறார். டிக்கெட் கிடைச்சிடுச்சு அத்தா, வாங்க என்று சொல்லி உள்ளே அழைத்துப் போ. பிள்ளைகள் பந்து விளையாடுவார்கள், ஆசை தீரும்வரை பார்க்கட்டும். போதும் என்று அவரே எழுந்தால், எல்லாம் பாத்தாச்சு அத்தா, ஊருக்குப் போலாமா என்று கேள். நான் அதற்குள் வீட்டுக்கு வந்து, அவரைப் பிளேன் ஏற்றி அனுப்பியபோது கட்டியிருந்த அந்த அரக்குச் சேலையைக் கட்டிக்கொண்டு, வஞ்சிரம் குழம்பு வைத்துவிட்டு வாசலில் நிற்பேன். வந்துட்டீங்களா என்று கேட்பேன். பார்க்க வேண்டியதைப் பார்த்து முடித்தால்தான் அவர் திரும்புவார் என்று எனக்குத் தோன்றுகிறது. டாக்டரிடம் சொன்னேன், மாத்திரை எழுதிக் கொடுத்தார். ஷஃபீக் கேட்டால் திட்டுவான். பலிக்காமலும் போகலாம், அப்போது விடுதியில் சேர்க்க நானே கையெழுத்துப் போடுகிறேன். மெர்சி சொல்லிவிட்டு மறுபடியும் கூடத்தில் பாயைப் போட்டுக்கொண்டாலும் நான் உன்னைக் குறை சொல்ல மாட்டேன். அன்றைக்கு மஃரிபுக்கு அவர் தொழுகைப் பாயை எந்தப் பக்கம் விரிக்கிறார் என்று மட்டும் பார்ப்பேன்.

அல்லாஹ் உன் பயணத்தை லேசாக்கட்டும், உன்னை எந்தக் குறையும் இல்லாமல் என் கண்ணுக்குக் கொண்டு வந்து சேர்க்கட்டும். அழுது அழுது கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதே, வேளைக்குச் சாப்பிடு. கோட்டை மறந்துவிடாதே, நீலக் கோட்டு.

இங்ஙனம்,
உன் அத்தா திரும்பி வரக் காத்திருக்கும்
அம்மா பதுருன்னிசா.