இரண்டும் இடம் மாறின

மார்ச் 3
முதுகில் சொருகிய குழாய் வழியாகத்தான் மூத்திரம் பைக்குள் இறங்குகிறது. சிறுநீரகக் கல்லை எடுத்தபோது சிறுநீர்க்குழாய் காயப்பட்டு, நெடுக வடுவாகி அடைத்துவிட்டது. இன்னொரு சிறுநீரகம் இருந்தால் இந்தச் சிறுநீரகத்தையே எடுத்துப் போட்டுவிடலாம். அது தம்பியின் வயிற்றில் இருக்கிறது, நான் கொடுத்தது.
காலையில் வழக்கம்போல அவனை அழைத்தேன். "தண்ணி குடிச்சியா?"
"குடிச்சேன் தாயே. ஆபீஸ்ல எனக்கு ஒட்டகம்னே பேர் வச்சிட்டாங்க."

மார்ச் 9
டாக்டர் வரைந்து காட்டினார். சிறுநீரகத்தை விலாவுக்கடியிலிருந்து கழற்றி, உள்ளேயே ஐஸ் கூழில் குளிரவைத்து, அடிவயிற்றில் மூத்திரப்பைக்குப் பக்கத்தில் பொருத்துவாராம். மிஞ்சிய நல்ல சிறுநீர்க்குழாய் அந்தத் தூரத்துக்கு எட்டும். துளைகள் வழியாக ரோபோவின் கைகள் உள்ளே போகும். அவர் மூலையில் உட்கார்ந்து இயக்குவார்.
"மெஷின் தப்புப் பண்ணிட்டா?"
"அது தானா எதுவும் பண்ணாதும்மா. பண்றது என் கை."
"சரிவரலைன்னா?"
"டயாலிசிஸ்தான்."
சுற்றி வளைக்கவில்லை. அதனால்தான் சம்மதித்தேன்.
தம்பி சட்டையைத் தூக்கித் தன் தழும்பைக் காட்டினான். "உனக்கும் இங்கதான் வரும். கூட்டத்துல இடிபடாதே. சீனியர் சொல்றேன், கேட்டுக்கோ."

மார்ச் 17
நாளைக்கு. பயமாயிருக்கு.

மார்ச் 20
தையல் வலிக்கிறது. பையில் மூத்திரம் விழுகிறது. அடுப்பில் பால் வைத்தவன் போலத் தம்பி அதையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

மார்ச் 22
விழவில்லை.

மார்ச் 25
மறுபடி திறந்தார்கள். ரத்தம் உறைந்து சிறுநீரகம் கறுத்துவிட்டதாம். எடுத்துவிட்டார்கள். "தையல் எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. சில சமயம் இப்படியும் ஆயிடுதும்மா," என்றார் டாக்டர். குரல் இறங்கியிருந்தது.
தம்பி சுவரைப் பார்த்து நின்றான். "நீ எனக்குக் குடுக்காம இருந்திருந்தா—"
"வாயை மூடுடா."
கொடுத்ததற்கு வருத்தமா எனக்கு? இல்லை. ஆனா கோபம் இருக்கு. யார் மேல? தெரியலை.

ஏப்ரல் 30
டயாலிசிஸ் நாற்காலி. எனக்குத் தண்ணீர் அளந்துதான். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிறது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு ஒருநாள்கூடக் காலையில் தம்பியை அழைக்கவில்லை.
கூடவே உட்கார்ந்திருப்பான், பாட்டிலைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போய்க் குடித்துவிட்டு வருவான். இதே நாற்காலியில் அவன் கிடந்த காலத்தில் நானும் அப்படித்தான் போவேன்.
இன்று ஒரு தடவைகூட எழவில்லை. உதடு வெடித்திருந்தது.
"தண்ணி குடிச்சியா?"
நிமிர்ந்தான். "அப்புறம் குடிக்கிறேன்க்கா."
"இங்கேயே குடி. என் கண்ணு முன்னால. அது என்னோடதுடா, காய விடாதே."
குடித்தான். பாட்டில் காலியாகும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன்.